கடற் பிரயாணமும் சக்கர நாற்காலியும்

கப்பலேறிக் கடல் கடந்து பல தேசங்களையும் கண்டு வருதல் வேண்டும் என்னும் ஆசை மனித குலத்திற்கு என்றும் உண்டு. ஆகாய விமானம் தோன்றிய பின்னர், அவசர காரியங்களுக்காகக் கப்பலை நாடுவோர் தொகை அருகிப் போயிற்று. ஆயினும் கப்பல் மறைந்துவிடவில்லை. அஃது உல்லாசப் பிரயாணத்தின் வாகனமாக உருமாறிற்று. 2024-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் முதற் பிரயாணம் புறப்பட்ட 'ஐகொன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல் பின்லாந்து தேசத்துத் துர்கு நகரிலே கட்டப்பெற்றது. அதன் நீளம் 365 மீற்றர், தளங்கள் 20, ஒரே வேளையில் 7,600 பிரயாணிகள் வரை அதிற் செல்லலாம். நீச்சற் குளங்களும் நாடக அரங்குகளும் போசன சாலைகளும் நிறைந்த இத்தகைய கப்பலை மிதக்கும் பட்டினம் என்றே கூறிவிடலாம்.

இப்பட்டினத்தினுள், நடக்க இயலாது சக்கர நாற்காலியிலே செல்லும் ஒருவர் நுழைந்தால் அவர் எவ்வளவு தூரம் போக முடியும்? எந்தக் கதவு அவருக்குத் திறக்கும்? எந்த வாசல் அவரைத் தடுக்கும்? கப்பல் ஆபத்திற் சிக்கினால் அவரைக் காப்பவர் யார்? இக்கேள்விகள் எங்கோ ஒரு சிலரை மாத்திரம் பற்றியன என்று நாம் எண்ணிவிடலாகாது. முதுமை யாவருக்கும் பொது. ஒரு வீழ்ச்சி, ஒரு நோய், ஒரு விபத்து எவரையும் சக்கர நாற்காலியில் அமர்த்திவிடக் கூடும்.

உண்மையை நோக்கின், கப்பற் பிரயாணம் மற்றையோரிலும் பார்க்க இவர்களுக்கே மிகவும் உகந்ததாகும். தரைவழியே யாத்திரை செய்வோர் நாள்தோறும் ஊர் மாறி, விடுதி மாறி, மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துக் கட்டுதல் வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை படிகள் காத்திருக்கின்றனவோ என்ற அச்சம் ஒருபுறம். குளியலறையினுள் நாற்காலி நுழையுமோ என்ற கவலை மறுபுறம். கப்பலிலோ விடுதியே பிரயாணியுடன் கூட வருகின்றது. ஒரு முறை ஓர் அறையிலே அமர்ந்துவிட்டால், மறுநாட் காலையில் வேறொரு நாடு சாளரத்தின் முன்னே வந்து நிற்கும். இத்துணைப் பொருத்தமான பிரயாணம் நெடுங்காலமாக இவர்களுக்கு எட்டாக் கனியாய் இருந்தமைக்குக் காரணம் யாது?

நிலைப்படியின் கதை

முதற் காரணம் கப்பலின் நிலைப்படி. நம் வீடுகளின் வாயிலில் நிலைப்படி இருப்பது போலவே, கப்பற் கதவுகளின் அடியிலும் உயர்ந்ததொரு விளிம்பு உண்டு. வீட்டு நிலைப்படி மழைநீரையும் ஊர்வனவற்றையும் தடுக்கும். கப்பலின் நிலைப்படி தடுப்பதோ கடலை. புயல் வேளையில் அலை எழுந்து மேற்றளத்தின் மீது விழும்போது, அந்நீர் கதவின் அடியால் உள்ளே பாயாதிருத்தல் வேண்டும். நீர் உள்ளே புகுந்து ஒரு பக்கமாகத் திரளுமாயின் கப்பல் சரியும். ஆகவே, 1966-ம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு உடன்படிக்கை, மேற்றளக் கட்டடங்களின் முனைச் சுவர்களிலுள்ள வாயில்களுக்கு 380 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறையப் 15 அங்குலம் உயரமான நிலைப்படி வேண்டும் என விதித்தது. நடப்பவர் காலைத் தூக்கி வைத்துக் கடந்து செல்வார். சக்கரத்திற்கு அது மதில்.

ஆனால் கப்பலில் உள்ள நிலைப்படிகள் யாவும் கடலைத் தடுப்பதற்காக எழுந்தவை அல்ல. அறைக்குள்ளே இருக்கும் குளியலறையின் வாயிலிலும் ஒரு படி உண்டு. அங்கே அலை வருவதில்லை. குளிக்கும் நீர் அறையினுள் வழியாதிருத்தற்காகவே அப்படியை அமைத்தனர். தரையைச் சற்றே சரிவாக அமைத்து, நீர் வடியும் வாயை உரிய இடத்தில் வைத்தால் அப்படிக்குத் தேவையே இல்லை. கதவின் அகலமும் இவ்வாறானதே. சாதாரண அறைகளின் கதவு ஏறக்குறைய 23 அங்குல அகலம் உடையது. வளர்ந்தோர் பயன்படுத்தும் சக்கர நாற்காலியின் அகலமோ சுமார் 26 அங்குலம். மூன்று அங்குலக் குறைவு ஒரு மனிதனை வெளியே நிறுத்திவிடுகின்றது! அந்த மூன்று அங்குலத்தைக் கேட்பது கடலன்று. அறைகளின் தொகையைக் கூட்ட விரும்பும் கணக்கேயாகும்.

எந்தத் தடை உயிர்காக்கும் தடை, எந்தத் தடை வழக்கத்தினாலும் சிக்கனத்தினாலும் வந்த தடை என்று பிரித்தறிவதே இவ்விஷயத்தின் அடிப்படையாகும். இதனை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஜனாதிபதிக்கு வழிவிட்ட கப்பல்கள்

கப்பலை மாற்றியமைத்தல் இயலாத காரியம் என்று கூறுவோருக்குச் சரித்திரம் தக்க விடை வைத்திருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாக 1933-ம் ஆண்டு முதல் 1945-ம் ஆண்டு வரை விளங்கிய பிராங்ளின் ரூஸ்வெல்ட், 1921-ம் ஆண்டில், தமது 39-ம் வயதிலே, இளம்பிள்ளை வாதம் எனக் கண்டறியப்பட்ட நோயினாற் பீடிக்கப்பட்டுக் கால்களின் வலுவை இழந்தார். ஆயினும் கடல் மீது அவர் கொண்டிருந்த காதல் குறையவில்லை.

'பொட்டோமக்' என்னும் கப்பல் 1936-ம் ஆண்டில் ஜனாதிபதியின் உல்லாசக் கலமாக மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு இரு புகைபோக்கிகள். அவற்றுள் பின்னால் உள்ளது புகைபோக்குவதன்று, வெறும் கூடு. அதனுள்ளே, கயிற்றைக் கையால் இழுத்து இயக்கும் தூக்குக் கூண்டொன்று அமைக்கப்பட்டிருந்தது. ஜனாதிபதி அதனுள் அமர்ந்து, தமது புஜபலத்தினால் தாமே கயிற்றை இழுத்து ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குச் செல்வார்.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், 1943-ம் ஆண்டு நவம்பர் மாதம், தெஹ்ரான் மகாநாட்டிற்குச் செல்லும் வழியில் அவர் 'அயோவா' என்ற போர்க்கப்பலிலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். நின்று குளிக்க இயலாத அவருக்காக அக்கப்பலில் ஒரு குளியல் தொட்டி அமைக்கப்பட்டது. பீரங்கிகளுக்கும் வெடிமருந்துக்குமாகக் கட்டப்பட்ட கப்பலில் ஒரு குளியல் தொட்டிக்கு இடங் கண்டுபிடித்தார்கள். இன்று 'பொட்டோமக்' கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலும், 'அயோவா' லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்திலும் நூதனசாலைகளாக நிற்கின்றன. அத்தொட்டியை இன்றும் அங்கே காணலாம்.

நாட்டின் தலைவருக்காகப் புகைபோக்கியும் வழிவிட்டது, போர்க்கப்பலும் இடங்கொடுத்தது. சாதாரணக் குடிமகன் ஒருவன் அதே வேண்டுகோளை விடுத்தபோது மட்டும் கப்பலின் இரும்பு இளகாதது ஏன்?

நெல்சன் பிரபுவின் பெயரில்

இவ்வினாவிற்குச் செயலால் விடை கூறியவர்கள் இங்கிலாந்திலே தோன்றினர். 1978-ம் ஆண்டில் 'ஜூபிலி செயிலிங் ட்ரஸ்ட்' என்னும் தரும ஸ்தாபனம் அங்கு ஆரம்பிக்கப்பட்டது. உடல் வலுவிழந்தவர்களும் வலுவுடையவர்களும் ஒன்றாய் நின்று பாய்க்கப்பல் செலுத்துதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பழைய கப்பல் ஒன்றைத் திருத்தாமல், முதற் கோட்டிலிருந்தே இந்நோக்கத்தைக் கருத்திற்கொண்டு வரையப்பட்ட புதுக் கப்பல் ஒன்று உருவாயிற்று. மூன்று பாய்மரங்களையுடைய அதற்கு 'லோட் நெல்சன்' எனப் பெயரிட்டனர். 1986-ம் ஆண்டில் அது முதற் பிரயாணத்தை ஆரம்பித்தது.

இப்பெயர் மிகவும் பொருத்தமானது. நெல்சன் பிரபு 1794-ம் ஆண்டில் கோர்சிக்காத் தீவிலே ஒரு கண்ணின் பார்வையையும், 1797-ம் ஆண்டில் தெனரீபே தீவிலே தமது வலக்கரத்தையும் இழந்தவர். ஒரு கண்ணோடும் ஒரு கையோடுமே அவர் 1805-ம் ஆண்டில் டிரபல்கார் சமரை நடத்தி, வெற்றி கண்டு, அங்கேயே உயிர் நீத்தார்.

அக்கப்பலின் தளங்கள் அகன்றவை, மேடு பள்ளமற்றவை. தளத்திற்குத் தளம் செல்ல மின்தூக்கிகள் இருந்தன. கடல் கொந்தளிக்கும்போது நாற்காலிகள் உருண்டோடாதவாறு பிணைத்து வைப்பதற்குத் தரையோரமாக வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கண் தெரியாதவர் சுக்கானைப் பிடிப்பதற்கென்று, திசையை வாய்விட்டுக் கூறும் திசையறி கருவியும் உண்டு. முன்னணியத்தில் நீண்டு நிற்கும் மரத்தின் நுனிவரை சக்கர நாற்காலி செல்லக்கூடிய வழியும் அமைந்திருந்தது. பிரயாணம் ஒவ்வொன்றிலும் நிரந்தர மாலுமிகளுடன் ஏறக்குறைய 40 பேர் சேர்ந்து வேலை செய்வர். அவர்களுட் சரிபாதியினர் வரை வலுவிழந்தவர்கள். அங்கே அவர்கள் உபசரிக்கப்படும் விருந்தினரல்லர். கயிறிழுக்கும், காவல் நிற்கும், சமையற் கட்டில் உதவும் மாலுமிகள்.

அக்கப்பல் 2012-ம் ஆண்டிற் புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி, 2014-ம் ஆண்டிலே தாய்நாடு திரும்பியது. 2019-ம் ஆண்டில் அது சேவையினின்று நீக்கப்பட்டது. பணமுடையினால் அத்தரும ஸ்தாபனமும் 2023-ம் ஆண்டில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. இது வருந்தத்தக்கதே. ஆயினும் அக்கப்பல் நிரூபித்துக் காட்டிய உண்மையை எவரும் திருப்பி எடுத்துவிட முடியாது.

நீதிமன்றத்தின் முன்னே

உல்லாசக் கப்பற் கம்பனிகளின் விஷயம் வேறு. அங்கே இலாபக் கணக்கு உண்டு. வெளிநாட்டுக் கொடியும் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து அமெரிக்கப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களிற் பெரும்பாலானவை பஹாமாஸ் போன்ற நாடுகளிலே பதிவு செய்யப்பட்டவை. 1990-ம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா வலுவிழந்தோருக்குச் சம உரிமை வழங்கும் பெருஞ் சட்டமொன்றை நிறைவேற்றியது. கடைகளும் விடுதிகளும் உணவகங்களும் தமது வாயிலைத் திருத்த வேண்டியவையாயின. ஆனால் வேற்று நாட்டுக் கொடி பறக்கும் கப்பலை அச்சட்டம் கட்டுப்படுத்துமா?

இவ்வினா 'ஸ்பெக்டர் எதிர் நோர்வீஜியன் குரூஸ் லைன்' என்ற வழக்கில் எழுந்தது. 1998-ம், 1999-ம் ஆண்டுகளில் ஹியூஸ்ரன் துறைமுகத்திலிருந்து சென்ற பிரயாணங்களுக்குச் சீட்டு வாங்கிய சிலர் இவ்வழக்கைத் தொடுத்தனர். வலுவிழந்தோரிடம் கூடுதற் கட்டணம் அறவிடப்பட்டது, துணையாள் ஒருவருடனேயே வருதல் வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது, ஆபத்து வேளைக்குரிய சாதனங்கள் அவர்கள் எட்ட முடியாத இடங்களிலே வைக்கப்பட்டிருந்தன, மற்றைப் பிரயாணிகளின் சௌகரியத்திற்கு இடையூறாயின் அவர்களை இறக்கிவிடும் உரிமையைக் கம்பனி தன்னிடமே வைத்திருந்தது என்பனவெல்லாம் அவர்களது முறைப்பாடுகள்.

அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் 2005-ம் ஆண்டு ஜூன் மாதம் 6-ம் தேதி தீர்ப்பளித்தது. அமெரிக்க நீர்ப்பரப்பினுள் வரும் அந்நியக் கொடிக் கப்பல்களுக்கும் அச்சட்டம் உரியது எனப் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். முறைப்பாடுகள் மெய்யா பொய்யா என்பதை அந்நீதிமன்றம் ஆராயவில்லை. அதனைக் கீழ் நீதிமன்றத்தின் விசாரணைக்கே விட்டது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் அந்தனி கென்னடி நாம் முன்னர் கண்ட நிலைப்படியைப் பற்றியே பேச நேர்ந்தமை கவனிக்கத்தக்கது. ஒரு தடையை நீக்குவது சர்வதேசக் கடற் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு முரணாகுமாயின், அல்லது கப்பலின் பாதுகாப்பைக் குலைக்குமாயின், அதனை நீக்கும்படி சட்டம் கோராது என்றார். கூடுதற் கட்டணம் வாங்குவதற்கும் கப்பலின் கட்டமைப்பிற்கும் சம்பந்தமில்லை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். கடலைத் தடுக்கும் படி நிற்கலாம். மனிதனைத் தடுக்கும் படிக்குக் கடலைச் சாட்சிக்கு அழைத்தலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரமெனலாம்.

ஐரோப்பாவிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ம் ஆண்டில் இயற்றிய கடற்பிரயாணிகள் உரிமை விதிகள் 2012-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ம் தேதி முதல் அமுலுக்கு வந்தன. வலுவின்மையை மாத்திரம் காரணங் காட்டிச் சீட்டு மறுத்தலாகாது. பாதுகாப்பு விதிகளோ, கப்பலின் அல்லது துறைமுகத்தின் அமைப்போ இடந் தராவிடின் மறுக்கலாம்; மறுத்தால் காரணம் சொல்லுதல் வேண்டும். உதவி தேவைப்படுவோர் 48 மணி நேரத்திற்கு முன்னர் அறிவித்தால், துறைமுகத்திலும் கப்பலிலும் இலவசமாக உதவி வழங்குதல் வேண்டும். பிரயாணியின் சக்கர நாற்காலி அவர்களின் தவறினாற் சேதமுற்றால் திருத்தும் செலவையோ புதியதன் விலையையோ ஈடு செய்தல் வேண்டும். நாற்காலி ஒருவருக்குக் காலுக்குச் சமானம் என்பதை இவ்விதி உணர்ந்திருக்கின்றது.

பிரயாணஞ் செய்ய விரும்புவோர்க்கு

இத்தகைய பிரயாணத்தை எண்ணும் குடும்பங்கள் முதலிற் செய்யத்தக்கது, நாற்காலியின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்வதாகும். பெரிய உல்லாசக் கப்பல்களில் இவர்களுக்கென்று அமைந்த அறைகள் உண்டு. அவற்றின் கதவு 32 அங்குல அகலமாவது இருத்தல் வேண்டும். நாற்காலியைச் சுற்றித் திருப்ப ஏறக்குறைய 5 அடி வட்டம் வேண்டும். குளியலறையிலே படியின்றி உருண்டு செல்லக்கூடிய ஷவரும், மடித்து வைக்கும் இருக்கையும், பிடித்துக்கொள்ளும் கம்பிகளும் தேவை. இத்தகைய அறைகள் மொத்த அறைகளுட் சிறு பங்கேயாதலால், பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்தல் நன்று. மின்கலத்தால் ஓடும் நாற்காலியாயின், அதனை இடைவழியில் நிறுத்தப் பெரும்பாலும் அனுமதியார்; அறைக்குள்ளேயே வைத்து மின்னேற்றுதல் வேண்டும்.

அடுத்ததாக விசாரிக்க வேண்டியது, கப்பல் துறைமேடையை அணைந்து நிற்குமா, அல்லது கடலிலே நங்கூரமிடுமா என்பது. ஆழங் குறைந்த துறைகளிலே பெருங் கப்பல் தூரத்தில் நிற்க, சிறு படகுகளே பிரயாணிகளைக் கரைக்குக் கொண்டு செல்லும். கேமன் தீவின் ஜோர்ஜ் டவுன் இத்தகையது. கிரேக்க தேசத்தின் சந்தொரினித் தீவிலோ, படகினின்று இறங்கிய பின்னரும் செங்குத்தான பாறையின் உச்சியிலேயே ஊர் இருக்கின்றது. கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தியில் ஏறுதல் வேண்டும், அன்றேல் 500 இற்கு மேற்பட்ட படிகளைக் கடத்தல் வேண்டும். அலையில் எழுந்து தாழும் படகினுள், 100 கிலோகிராமிலும் மிகுந்த மின் நாற்காலியைத் தூக்கி வைத்தல் அபாயமான காரியம். ஆகவே கடல் அமைதியாய் இல்லாத வேளையில் மாலுமிகள் மறுக்கக் கூடும். அதனை அவமதிப்பாக எண்ண வேண்டுவதில்லை. எந்தெந்தத் துறைகளில் அவ்வாறு நேரும் என்று முன்கூட்டியே சொல்லாது பணம் பெற்றுக்கொள்ளுதலே குற்றமாகும்.

ஆபத்து வேளையில்

யாவற்றிலும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. 'டைட்டானிக்' கப்பல் 1912-ம் ஆண்டில் மூழ்கியதன் பின்னர், 1914-ம் ஆண்டில் முதலாவது சர்வதேசக் கடற் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று. பன்முறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையிலிருக்கும் அவ்வுடன்படிக்கை, கப்பலைக் கைவிடும் அறிவித்தல் ஒலித்து 30 நிமிஷங்களுக்குள் உயிர்காப்புப் படகுகள் யாவும் ஆட்களுடன் இறக்கப்படக் கூடியனவாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. தீ மூண்டால் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. அப்படியாயின் பத்தாந் தளத்தில் இருக்கும் சக்கர நாற்காலிப் பிரயாணி என் செய்வார்? படிகளில் வழுக்கிச் செல்லும் விசேஷ நாற்காலியில் அவரை அமர்த்தி, பயிற்சி பெற்ற மாலுமிகள் கொண்டு செல்லுதல் வேண்டும். அதற்கு அவர் எங்கே இருக்கின்றார் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். ஆபத்தில் விசேஷ உதவி வேண்டுவோர் எனத் தம்மை அறிவித்தோரின் விபரங்களைக் குறித்து, கப்பல் புறப்படு முன்னரே கப்டனிடம் கொடுத்தல் வேண்டும் என அதே உடன்படிக்கை விதிப்பது இதற்காகவேயாம்.

2012-ம் ஆண்டு ஜனவரி 13-ம் தேதி இத்தாலியக் கரையோரத்திலே 'கொஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் மாண்டனர். அன்று கப்பலேறிய பிரயாணிகள் பலர் ஒன்றுகூடும் ஒத்திகையிற் பங்குபற்றியிருக்கவில்லை. 24 மணி நேரத்திற்குள் ஒத்திகை நடத்தினாற் போதும் என்பது அக்காலத்து விதி. 2015-ம் ஆண்டு முதல், கப்பல் புறப்படு முன்னரோ புறப்பட்டவுடனோ ஒத்திகை நடத்தப்படுதல் வேண்டும் என விதி மாறியது. வலுவிழந்தவர் அவ்வொத்திகையிலே தவறாது கலந்துகொண்டு, தம்மை அழைத்துச் செல்லும் பொறுப்புடைய மாலுமி யாவர் எனக் கேட்டறிதல் வேண்டும். "நமக்கென்ன நேரப் போகின்றது" என்று குடும்பத்தினர் அவரை அறையிலேயே விட்டுச் செல்லுதல் பெருந் தவறு. தமது நிலையைச் சொல்ல நாணி மறைப்பதும் அதனினும் பெருந் தவறு.

கோடு கீறும் கரம்

சர்வதேச சமுத்திர ஸ்தாபனம் 1996-ம் ஆண்டிலேயே, முதியோரினதும் வலுவிழந்தோரினதும் தேவைகளை மனதிற்கொண்டு பிரயாணிக் கப்பல்களை வரைதல் வேண்டும் எனச் சிபார்சு செய்தது. சிபார்சு கட்டளையன்று. ஆகவே ஏற்போர் ஏற்பர், ஏலாதோர் விடுவர். கட்டி முடித்த கப்பலின் இரும்புச் சுவரை வெட்டிக் கதவை அகலமாக்குவதற்குப் பெருந் தொகை செலவாகும். கட்டுவதற்கு முன், காகிதத்திலே அக்கோட்டைச் சற்றுத் தள்ளி வரைவதற்கோ அத்துணைச் செலவில்லை.

அகன்ற கதவும் சரிவான வழியும் ஒருவருக்கு மாத்திரம் உதவுவன அல்ல. கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய்க்கும், கோலூன்றி வரும் பாட்டனாருக்கும், உணவுத் தட்டுகளை வண்டியிலேற்றி வரும் பரிசாரகருக்கும் அவை உதவும். இன்று பாடசாலையில் கணிதமும் சித்திரமும் பயிலும் மாணாக்கருட் சிலர் நாளை கப்பலையும், பாடசாலையையும், ஆஸ்பத்திரியையும், பஸ் நிலையத்தையும் வரையப் போகின்றவர்கள். வாயிலுக்குக் கோடு கீறும்போது அவர்கள் ஒரு கணம் நின்று, "இவ்வழியே சக்கர நாற்காலி போகுமா?" என்று அளந்து பார்ப்பார்களாக. மூன்று அங்குலத்தின் பெறுமதியை அப்பொழுது அவர்கள் அறிவார்கள்.